கடையைச் சாத்துங்க, எங்க பொருளைக் கொடுத்துட்டுச் சாத்துங்க

நீண்ட இழை. டீ குடிச்சுக்கிட்டே படிங்க. சுகர் இருக்கவங்க சீனி இல்லாம.

போன வாரம் என் அக்கா மகனைப் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன். அவன் விளையாடுற விளையாட்டுக்கான ஆப்பை நடத்துன கம்பெனி மூடிட்டுப் போயிடுச்சு, பையன் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலைன்னு. கீழே வந்த கமெண்ட்டில் பாதிக்கு மேல ஒரே பாட்டு. "இதுக்கெல்லாம் அழுவாங்களா டாக்டர்?" "பனவடலிசத்திரத்துல உக்காந்து பேஷண்ட்டைப் பாருங்க, ஆப்பைப் பாக்காதீங்க." "விட்டது சனியன்னு சந்தோஷப்படச் சொல்லுங்க."

சரி, பேஷண்ட்டைப் பத்தியே பேசுவோம். ஆனா விளையாட்டுல இருந்துதான் ஆரம்பிப்பேன். ரெண்டும் ஒரே நோய்.

அவன் விளையாடுறது போன்ல சுட்டுத் தள்ளுற விளையாட்டு இல்ல. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு பேரு. 1974-ல அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர் கொண்டு வந்தது. ஒருத்தர் கதை சொல்லுவார். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். ஒருத்தன் மந்திரவாதி, ஒருத்தன் திருடன், ஒருத்தி போர்வீராங்கனை. "கதவைத் திறந்தா உள்ளே ராட்சசன் நிக்கிறான், என்ன செய்றீங்க?" அப்படின்னு கதைசொல்லி கேப்பார். என்ன செய்யப் போறோம்னு சொல்லிட்டு 20 முகம் உள்ள பகடையை உருட்டணும். விழுற எண்ணைப் பொறுத்து கதை திரும்பும். நம்ம ஊர்ல வில்லுப்பாட்டு நடக்கும்போது எதுத்தாப்ல உக்காந்திருக்கவன் எழுந்து "நான் அப்படிச் செய்ய மாட்டேன்"னு சொன்னா கதையே மாறிடும்னு வச்சுக்கோங்க. கிட்டத்தட்ட அதுதான்.

இதுக்கு அடிப்படையா வேணுங்கிறது பேப்பர், பென்சில், பகடை, விதிப் புத்தகம், நாலு நண்பர்கள். ஆனா நாலு நண்பர்களும் நாலு ஊர்ல இருந்தா? அங்கதான் டிஜிட்டல் கருவி வருது. பாத்திரத்தோட கணக்கை வச்சிருக்க ஒரு ஆப், எல்லாரும் ஒரே வரைபடத்தைப் பாக்க ஒரு மேசை.

எங்க பையன் பெங்களூர்ல வேலை. மத்தவங்க கோயம்புத்தூர், சென்னை, துபாய். 2020 ஊரடங்குல ஆரம்பிச்சாங்க. சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு உக்காந்தா விடியக்காலைதான் எந்திரிப்பாங்க. அஞ்சாவதா ஒரு பையன் இருந்தான். 2021 மே மாசம், ரெண்டாவது அலையில போயிட்டான். 26 வயசு. அந்த மே மாசத்தைப் பத்தி நான் எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

அவன் பாத்திரத்தோட டைரின்னு ஒண்ணு அந்த ஆப்ல இருந்திருக்கு. ஒவ்வொரு வாரமும் விளையாட்டு முடிஞ்சதும் அந்தப் பையன் தன் பாத்திரத்தோட குரல்ல, கிண்டலும் கேலியுமா ஒரு பக்கம் எழுதி வைப்பானாம். மத்த நாலு பேரும் அந்தப் பாத்திரத்தைக் கதையில சாகடிக்கல. "வடக்கே பயணம் போயிருக்கான்"னு வச்சிருந்தாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை, அவன் பிறந்தநாள் அன்னைக்கு, அந்த டைரியை எடுத்துப் படிப்பாங்க.

ஆப் மூடியாச்சு. முப்பது நாள் முன்னாடி ஒரு மெயில். அது விளம்பர மெயில்களோட போய் விழுந்திருக்கு. அதுல டைரியைத் தரவிறக்க வழின்னு ஒண்ணும் சொல்லல. முப்பத்தொண்ணாவது நாள் உள்ளே போனா, "எங்களோட பயணித்ததற்கு நன்றி"ன்னு ஒரு படம்.

இப்ப சொல்லுங்க. இதுக்கெல்லாம் அழுவாங்களா?

பையன் பயன்படுத்தின ஆப் சின்னக் கம்பெனியோடது, பேர் வேண்டாம். அதை விடுங்க. அந்த விளையாட்டுக்கே சொந்தக்காரன் பெரிய கம்பெனி. விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட். 1999-ல இருந்து ஹாஸ்ப்ரோ கையில. அவங்க கதையைக் கேளுங்க, சின்னவன் யாரைப் பாத்துக் கத்துக்கிட்டான்னு தெரியும்.

2007 ஆகஸ்ட்ல நாலாம் பதிப்பை அறிவிச்சாங்க. கூடவே, முப்பரிமாண மேசை வரும், கம்ப்யூட்டர்லயே கூடி விளையாடலாம்னு படம் போட்டுக் காட்டினாங்க. 2008 ஜூன்ல புத்தகம் வந்துச்சு. மேசை வரல. 2010 கடைசியில, காட்டின மாதிரி இல்லாம ஒரு எளிய வடிவத்தைச் சோதனைக்கு விட்டாங்க. 2012-ல அதையும் மூடிட்டாங்க. நடுவுல, சொந்தக் கம்ப்யூட்டர்ல நிறுவி வச்சுக்கிற பாத்திர ஆப் ஒண்ணு நல்லா ஓடிக்கிட்டிருந்தது. 2010 நவம்பர்ல அதை நிப்பாட்டி, இணையத்துல சந்தா கட்டினாத்தான் ஓடும்னு மாத்தினாங்க. அந்த இணையக் கருவியும் சில வருஷம் கழிச்சுப் போயிடுச்சு. சொந்த வீட்ல இருந்தவனை வாடகைக்கு வரச் சொல்லிட்டு, பிறகு வீட்டையே இடிச்ச கதை.

2009 ஏப்ரல்ல இன்னொண்ணு. திருட்டுப் பிரதி பரவுதுன்னு சொல்லி, காசுக்கு வித்துக்கிட்டிருந்த பிடிஎஃப் புத்தகங்களை ஒரே நாள்ல எல்லாக் கடையில இருந்தும் எடுத்துட்டாங்க. திருடினவனுக்கு ஒரு நஷ்டமும் இல்ல, அவன்கிட்ட பிரதி இருக்கு. காசு கொடுத்து வாங்கி, "அப்புறம் இறக்கிக்கலாம்"னு விட்டவன்தான் மாட்டினான்.

2014-ல அஞ்சாம் பதிப்பு. இந்த முறை டிராப்டோர்னு வெளிக் கம்பெனி ஒண்ணு, டன்ஜன்ஸ்கேப்னு ஒரு ஆப் செய்யுதுன்னாங்க. ஜனங்க சோதனைப் பதிப்பை எடுத்துப் பாத்து, குறை சொல்லி, நேரம் செலவழிச்சாங்க. புத்தகம் வந்து மூணே மாசம், அக்டோபர் கடைசியில ஒப்பந்தம் முறிஞ்சது. அப்ப ரசிகர்கள் எழுதினதைப் பாத்தா, கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சப்புறம் மாப்பிள்ளை வீட்டார் எந்திரிச்சுப் போன மாதிரி இருந்துச்சு.

அப்புறம் 2022-ல மறுபடியும் முப்பரிமாண மேசை. சிஜில்னு பேரு. 2025 பிப்ரவரியில வெளியிட்டாங்க. அடுத்த மாசமே அதைச் செஞ்ச குழுவுல பெரும்பாலானவங்களை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க.

பதினெட்டு வருஷத்துல எத்தனை தடவைன்னு நீங்களே எண்ணிக்கோங்க. ஒவ்வொரு தடவையும் படம் காட்டுறது, ஆசை காட்டுறது, கையை விரிக்கிறது. என்கிட்ட ஒரு நோயாளி நாலாவது தடவை அதே புண்ணோட வந்தா, புண்ணுக்கு மருந்து போடுறதை நிப்பாட்டிட்டு ரத்தத்துல சர்க்கரை எவ்வளவுன்னு பாப்பேன். இங்கயும் புண்ணை விட்டுட்டு ரத்தத்தைத்தான் பாக்கணும்.

"அமெரிக்காக்காரன் கதை எங்களுக்கு எதுக்கு டாக்டர்?"

பப்ஜி ஞாபகம் இருக்கா? 2020 செப்டம்பர் 2. மத்திய அரசு 118 ஆப்களைத் தடை செஞ்சப்ப அதுவும் போச்சு. உண்மையைச் சொல்லிடுறேன், அன்னைக்கு நான் சந்தோஷப்பட்டேன். ராத்திரி முழுக்க விளையாடிட்டு, கண்ணு சிவந்து, கட்டைவிரல் வீங்கி வந்த பையன்களைப் பாத்தவன் நான். அது அரசாங்கத் தடை, கம்பெனி மூடினது இல்ல. ரெண்டும் வேற வேற, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு விஷயம் பாருங்க. 2021 ஜூலையில அதே விளையாட்டு பிஜிஎம்ஐங்கிற பேர்ல திரும்பி வந்தப்ப, பழைய கணக்கை, வாங்கின சட்டை துப்பாக்கி எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திக்கலாம்னு வசதி கொடுத்தாங்க. அப்போ மாத்த முடியும். தொழில்நுட்பம் இருக்கு. வாடிக்கையாளர் திரும்பி வந்தா லாபம்னா மாத்திக் கொடுப்பான், அவன் போகப் போறவன்னா கொடுக்க மாட்டான். "முடியாது சார், சிஸ்டம் அப்படி"ன்னு இனிமே யாராவது சொன்னா இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப பேஷண்ட் கதைக்கு வரேன்.

என் கிளினிக்ல ஆறு வருஷமா ஒரு மென்பொருள் வச்சிருந்தேன். மாசச் சந்தா. நோயாளி பேர், பிபி, சுகர், என்ன மருந்து, எது ஒத்துக்காது, எல்லாம் அதுக்குள்ள. வித்தவர் வந்தப்ப "உங்க டேட்டா உங்களுக்கே சொந்தம் டாக்டர்"னு சொன்னார். சந்தா விலை ஏறுச்சு, கட்டினேன். ஒரு நாள் மெயில் வந்துச்சு, கம்பெனி மூடுதுன்னு. நான் பாக்கல. அக்கா மகனைத் திட்டினேனே, மெயிலைப் பாக்க மாட்டியான்னு. மாமனும் அதே லட்சணம்தான்.

கடைசியா அவங்க அனுப்பினது ஒரே ஒரு கோப்பு. அது அவங்க மென்பொருள்ல மட்டும்தான் திறக்கும். அந்த மென்பொருள் அவங்க சர்வர் இருந்தாத்தான் ஓடும். சர்வர் இல்ல. பெட்டியைக் கொடுத்துட்டான், சாவி பெட்டிக்குள்ள இருக்கு.

அதுக்கு அடுத்த மாசம் ஒரு ஆச்சி வந்தாங்க. கால்ல முள்ளு குத்தி, சீழ் வச்சு, கணுக்கால் வரைக்கும் சிவந்து வீங்கியிருக்கு. சுகர் வேற. உடனே ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கணும். "ஆச்சி, எந்த மருந்தாவது ஒத்துக்காதா?"ன்னு கேட்டேன். "ஆமாய்யா, முன்ன ஒரு ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிச்சே. நீங்கதான வச்சுப் பாத்தீங்க?"

நான்தான் பாத்தேன். ஞாபகம் இருக்கு. அட்ரினலின் போட்டு, கை நடுங்க நாடி பிடிச்சுக்கிட்டு நின்னது ஞாபகம் இருக்கு. எந்த ஊசின்னு ஞாபகம் இல்ல. கம்ப்யூட்டர்ல எழுதியிருந்தேன், சிவப்பு எழுத்துல. அந்தத் தைரியத்துல மண்டையில வச்சுக்கல.

காப்பாத்தினது எங்க சிஸ்டர். முதல் நாள்ல இருந்து ஒரு லாங் சைஸ் நோட்டு வச்சிருப்பாங்க. "எதுக்கும்மா ரெண்டு வேலை, அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே"ன்னு நான் எத்தனையோ தடவை கிண்டல் பண்ணியிருக்கேன். ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, எழுதிக்கிட்டே இருப்பாங்க. அன்னைக்கு மூணு நோட்டைப் புரட்டி, இருபது நிமிஷத்துல எடுத்துட்டாங்க. ஆம்பிசிலின். அதாவது பென்சிலின் குடும்பமே ஆகாது. அதை ஒதுக்கி வேற மருந்து போட்டோம். ஆச்சி நல்லா இருக்காங்க. போன வெள்ளிக்கிழமை கூட வந்து மருமகளைப் பத்தி அரை மணி நேரம் பேசிட்டுப் போனாங்க.

அந்த நோட்டு இல்லாம இருந்திருந்தா? கவனமா இருந்து தப்பிச்சிருப்பேன்னு சொல்லிக்கலாம். சொல்லிக்கலாம், அவ்வளவுதான்.

டாக்டரான எனக்கு விதி இருக்கு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள்படி, உள்நோயாளி ஆவணங்களை 3 வருஷம் பாதுகாக்கணும். நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். 1995-ல வி.பி. சாந்தா வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, காசு வாங்கிட்டு வைத்தியம் பாக்குறவன் நுகர்வோர் சட்டத்துக்குள்ளயும் வந்தாச்சு. அப்ப எங்க ஆளுங்க குதிச்சாங்க. நான் குதிக்கல, சரியான தீர்ப்புதான். ஆனா நான் 72 மணி நேரத்துல கொடுக்க வேண்டிய ஆவணத்தை வச்சிருக்கவனுக்கு என்ன கெடு? கடையைச் சாத்தும்போது திறக்கக்கூடிய வடிவத்துல திருப்பிக் கொடுன்னு அவனை எந்த விதி கேக்குது?

2019-ல நாடாளுமன்றத்துக்கு வந்த தரவுப் பாதுகாப்பு மசோதாவுல, உங்க தரவை நீங்க எடுத்துட்டு இன்னொரு இடத்துக்குப் போற உரிமைன்னு ஒரு பிரிவு இருந்தது. கடைசியா 2023-ல நிறைவேறின டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல அந்தப் பிரிவு இல்ல. ஐரோப்பாவுல 2018-ல இருந்து இந்த உரிமை இருக்கு. நமக்கு எழுதி வச்சு, அழிச்சுட்டாங்க. டிவியில இதைப் பத்தி எத்தனை விவாதம் பாத்தீங்க?

விளையாட்டுன்னு சிரிச்சவங்களுக்காக இன்னொண்ணு. செகண்ட் சைட்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி. பரம்பரையா விழித்திரை கெட்டுப்போய்ப் பார்வை இழந்தவங்களுக்காக ஆர்கஸ்-2ன்னு ஒரு செயற்கைக் கருவி செஞ்சது. கண்ணுக்குள்ள ஆபரேஷன் பண்ணி வைக்கிறது. 2013-ல அமெரிக்க மருந்துத் துறை அனுமதி கொடுத்துச்சு. விலை சுமார் ஒன்றரை லட்சம் டாலர். உலகத்துல 350 பேருக்கு மேல வச்சுக்கிட்டாங்க. முழுப் பார்வை இல்ல. வெளிச்சம், நிழல், கதவு எங்கேன்னு தெரியும். இருட்டுல பல வருஷம் இருந்தவனுக்கு அது எவ்வளவு பெருசுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

2019-ல கம்பெனி அந்தக் கருவியைக் கைவிட்டது. அடுத்த வருஷம் ஊழியர்களையும் அனுப்பிட்டு, திவாலாகுற நிலைமைக்குப் போச்சு. மேம்படுத்தலும் இல்ல, உதிரிப் பாகமும் இல்ல, போன் பண்ணாப் பேச ஆளும் இல்ல. கருவி மட்டும் கண்ணுக்குள்ள. கெட்டுப் போனா கெட்டதுதான்.

பகடை உருட்டுற ஆப்பை மூடினவன் செஞ்சதும் இதுவும் ஒரே காரியம். தராசுல எடை வேற, ஆனா ஒரே காரியம். விளையாட்டுல நடக்கும்போதே கேள்வி கேக்கலைன்னா, கண்ணுக்குள்ள நடக்கும்போது கேக்குறதுக்கு நமக்கு வாய் இருக்காது.

இப்ப நீங்க சொல்லப் போறது தெரியும். "நஷ்டத்துல எவன் கடை நடத்துவான்?" நடத்த வேண்டாம். யாரும் அதைக் கேக்கல. எங்க ஊர் பேர்லயே சத்திரம் இருக்கு. அந்தக் காலத்துல சத்திரம் கட்டினவங்க, தனக்கப்புறமும் அடுப்பு எரியணும்னு நிலத்தை மானியமா எழுதி வச்சுட்டுப் போனாங்க. அந்த அளவுக்குப் பெரிய மனசு வேண்டாம். ராத்திரி தங்கினவன் மூட்டையை எடுத்துக்கிட்டுப் போற வரைக்குமாவது கதவைத் திறந்து வைங்கன்னுதான் கேக்குறோம்.

அப்படி மூடினவனும் இருக்கான். கூகுள் ஹெல்த் 2012 ஜனவரி 1-ல மூடினப்ப, தரவை இறக்கிக்க இன்னும் ஒரு வருஷம் கொடுத்தாங்க. அதே கூகுள், ஸ்டேடியாங்கிற விளையாட்டுச் சேவையை 2023 ஜனவரியில மூடினப்ப, தங்க கடையில வாங்கின கருவிக்கும் விளையாட்டுக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தது. கையில இருந்த கட்டுப்பாட்டுக் கருவி குப்பையாகாம, சாதாரண புளூடூத்ல ஓடுறதுக்கும் வழி செஞ்சது. கூகுள் மேல எனக்குப் பெரிய பாசம் எல்லாம் இல்ல, எத்தனையைக் கொன்னிருக்கான்னு பட்டியல் போட்டா இழை தாங்காது. ஆனா சாத்தத் தெரிஞ்சு சாத்தினான்.

"விதிமுறைகளுக்கு ஒப்புக்கிறேன்னு டிக் அடிச்சீங்களே டாக்டர், அதுல எழுதியிருக்குமே?" எழுதியிருக்கும். ஆபரேஷனுக்கு முன்னாடி நானும் கையெழுத்து வாங்குறேன். நோயாளிக்குப் புரியுற மொழியில, என்ன ஆபத்துன்னு சொல்லாம வாங்கின கையெழுத்தைக் கோர்ட்டுல நீட்டினா ஜட்ஜ் என்னைத்தான் திட்டுவார். நாற்பது பக்க இங்கிலீஷை ஒரு டிக்குக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சா மட்டும் சம்மதமா? கலிபோர்னியாவுல 2025 ஜனவரியில இருந்து சட்டமே வந்துடுச்சு. நிரந்தரமா உனக்குச் சொந்தமில்லாத டிஜிட்டல் பொருளை வித்தா, இது வெறும் உரிமம்தான்னு தெளிவாச் சொல்லாம "வாங்குங்கள்"னு பட்டன் போடக்கூடாது. சின்ன விஷயம்தான். ஆனா பொய்யைப் பொய்னு சொல்லுது.

"ரசிகனுங்க கத்தி என்ன ஆகப் போகுது?" ஆகும். 2023 ஜனவரியில, இதே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கம்பெனி, மத்தவங்க தங்க விதிகளைப் பயன்படுத்துற பழைய உரிமத்தை இறுக்கப் பாத்துச்சு. விஷயம் முன்னாடியே கசிஞ்சது. ரசிகர்கள் கெட்ட வார்த்தையில திட்டிட்டு மட்டும் போகல, சந்தாவை ரத்து பண்ணினாங்க. அதே மாசம் 27-ஆம் தேதி கம்பெனி பின்வாங்கி, அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல விட்டுருச்சு. அதை இனி அவங்களே நினைச்சாலும் திரும்ப எடுக்க முடியாது. ஐரோப்பாவுல, த க்ரூங்கிற கார் விளையாட்டை 2024 மார்ச்ல யூபிசாஃப்ட் நிப்பாட்டினதுக்கு, "விளையாட்டுகளைக் கொல்லாதீங்க"ன்னு கையெழுத்து இயக்கம் ஆரம்பிச்சாங்க. 2025 ஜூலையில 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டிருச்சு. கேக்குறது ஒண்ணே ஒண்ணு. மூடினா, வாங்கினவன் தன் கம்ப்யூட்டர்ல ஓட்டிக்கிற நிலையில விட்டுட்டுப் போ.

அழுதவங்களைப் பாத்து நாம சிரிச்சுக்கிட்டிருந்தப்ப, அழுதவங்க இதையெல்லாம் சாதிச்சிருக்காங்க.

என் பங்குக்கு இப்ப நான் செய்றது. புது மென்பொருள் வாங்குறதுக்கு முன்னாடி விக்க வந்த பையன்கிட்ட ஒரே கேள்வி கேட்டேன்: "தம்பி, நாளைக்கு உங்க கம்பெனி இல்லைன்னா என் நோயாளி விவரத்தை நான் எதுல திறந்து பாப்பேன்? இப்பவே, என் முன்னாடி, இறக்கிக் காட்டுங்க." மூணு பேர் வந்தாங்க. ரெண்டு பேர் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்னு போனவங்க போனவங்கதான். மூணாவது ஆள் சாதாரண எக்செல் கோப்பா இறக்கிக் காட்டினார். விலை கூடத்தான். வாங்கினேன். மாசக் கடைசியில ஒரு பென் டிரைவ்ல நகல் எடுத்து பீரோவுல வைக்கிறேன். சிஸ்டர் நோட்டும் தொடருது. இந்த வருஷம் நோட்டு வாங்கிக் கொடுத்தது நான்.

நீங்களும் இன்னைக்கு ராத்திரி ஒரு காரியம் பண்ணுங்க. சுகர் அளவு குறிச்சு வைக்கிற ஆப், பிள்ளையோட தடுப்பூசி விவரம், செத்துப்போன அப்பாவோட குரல் இருக்கிற இடம், கடை வரவு செலவு, எதுவா இருந்தாலும் திறந்து, வெளியே எடுக்க வழி இருக்கான்னு பாருங்க. இருந்தா இப்பவே எடுத்துருங்க. இல்லைன்னா அந்த ஆப்புக்குக் கீழே ஒரு நட்சத்திரம் போட்டு, ஏன்னு தமிழ்லயே எழுதுங்க.

அந்த டைரி விஷயமா அக்கா மகன் அந்தக் கம்பெனியில வேலை பாத்த ஒருத்தரைத் தேடிப் பிடிச்சு எழுதியிருக்கான். "பழைய நகல் ஏதாவது இருக்கான்னு பாக்குறேன், உறுதி சொல்ல மாட்டேன்"னு பதில் வந்திருக்கு. பாப்போம். கிடைச்சா இதே இழையில கீழே சொல்றேன்.

உங்க கிளினிக், கடை, பள்ளிக்கூடம் எதுலயாவது இப்படி மென்பொருள் மூடி மாட்டியிருந்தா கமெண்ட்ல எழுதுங்க. எத்தனை நாள் முன்னாடி சொன்னாங்க, என்ன வடிவத்துல திருப்பிக் கொடுத்தாங்க, அது போதும். கம்பெனி பேர் இங்க வேண்டாம், உள்பெட்டிக்கு அனுப்புங்க. பத்துப் பதினஞ்சு சேந்ததும் நம்ம எம்.பி.க்கு ஒரு கடிதமாப் போடலாம்னு இருக்கேன்.

ஓ.பி.க்கு நேரமாச்சு. வெளியே எட்டுப் பேர் உக்காந்திருக்காங்க.